பெரிய கரப்பு, சின்னக் கரப்பு: கடலூர், சிதம்பரம் சமையலறைகளுக்கு

கரப்பான் என்று ஒரே பெயரில் சொன்னாலும், நம் சமையலறையில் தொந்தரவு கொடுப்பவை இரண்டு வேறு பூச்சிகள். வரும் வழி வேறு, தங்கும் இடம் வேறு, பெருகும் வேகமும் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றிடம் பலிக்காது. மருந்து வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டில் இருப்பது எது என்று பார்த்துவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் இதைவிட முக்கியமான யோசனை வேறில்லை.

பெரியது ஒன்றரை அங்குலம் இருக்கும். செம்பழுப்பு நிறம். மழைக்கு முந்தைய புழுக்கமான இரவுகளில் பறக்கவும் செய்யும். பூச்சியியல் புத்தகங்களில் இதற்கு அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். பூர்வீகம் என்னவோ ஆப்பிரிக்காதான். சாக்கடை, செப்டிக் டேங்க், குளியலறைக் குழாய், தெருவோரக் கால்வாய் ஆகியவைதான் இதற்கு வீடு. சமையலறைக்கு இரை தேடி வந்து போகும்.

சின்னது அரை அங்குலம் அளவுதான் இருக்கும். வெளிர் பழுப்பு. தலைக்குப் பின்னால் முதுகின்மேல் இரண்டு கறுப்புக் கோடுகள் அடுத்தடுத்து ஓடும். இறக்கை இருந்தும் பறப்பதில்லை. இது ஜெர்மன் கரப்பான். பெரியதன் குஞ்சு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது தனி இனம். சாக்கடையோடு இதற்கு உறவு குறைவு. பிறப்பது, வளர்வது, சாவது எல்லாம் உங்கள் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில்தான். தாய் தன் முட்டைக் கூட்டை வயிற்றின் பின்நுனியில் ஒட்டியபடியே சுமந்து திரியும். ஒரு கூட்டிலிருந்து 30 முதல் 40 குஞ்சுகள் வரும். நம் ஊர் வெக்கையில் அவை இரண்டே மாதத்தில் வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். பெரியதன் கூட்டில் பதினைந்து முட்டை அளவில்தான் இருக்கும். அது வளர்ந்து ஆளாக அரை வருடத்துக்கு மேல் ஆகும். எண்ணிக்கையில் நம்மைத் திணறடிப்பது சின்னதுதான்.

ஜெர்மன் என்று பெயர் வாங்கினாலும் இதன் பூர்வீகம் நம் பக்கம். 17 நாடுகளிலிருந்து திரட்டிய 281 கரப்பான்களின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. இந்தியாவிலோ மியான்மரிலோ வயல்வெளியில் வாழ்ந்த ஆசியக் கரப்பானிலிருந்து சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்து மனிதர் வீட்டோடு வந்து சேர்ந்த இனம் இது என்று அந்த ஆய்வு சொல்கிறது. ஐரோப்பியக் கம்பெனிகளின் கடல் வணிகம் ஓங்கியபோது கப்பல் சரக்கோடு கிழக்கே பரவியது என்றும் கணிக்கிறது. கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிட்ட கடலூருக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. இன்று இந்தப் பூச்சிக்குக் காட்டிலோ வயலிலோ இடமே கிடையாது; மனிதர் கட்டிய கட்டடம் ஒன்றுதான் இதற்கு உலகம். ஆகவே இது தானாக வயலிலிருந்து வீட்டுக்குள் நடந்து வராது. ஏதோ ஒரு பொருளோடு வந்தது, அல்லது அடுத்த வீட்டுச் சுவர் வழியே வந்தது.

எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க, இரவு சாப்பாடு முடிந்து விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறைக்குப் போங்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டால் நல்லது. கரப்பானுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, சிதறி ஓடாது. எங்கிருந்து வருகிறது, எங்கே போய் நுழைகிறது என்று நின்று பாருங்கள். சிங்க் அடியிலிருந்தும் ஜாலியிலிருந்தும் பெரியது வந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள். மிக்ஸிக்கு அடியிலிருந்து, அலமாரிக் கீல் இடுக்கிலிருந்து, சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டர் அட்டைக்குப் பின்னாலிருந்து சின்னது வந்தால் அதற்கடுத்ததைப் படியுங்கள். சின்னதைப் பட்டப்பகலிலேயே பார்க்கிறீர்கள் என்றால் ஒளிவதற்கு இடம் போதாத அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது என்று அர்த்தம்.

பெரியது வரும் வழி

பெரிய கரப்புக்கு மருந்தைவிடச் சிமெண்டும் தண்ணீரும்தான் நல்ல மருந்து.

முதலில் சிங்க் அடியில் குனிந்து பாருங்கள். நம் வீடுகள் பெரும்பாலானவற்றில் சிங்கிலிருந்து வரும் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் ஹோஸ், தரையிலோ சுவரிலோ உள்ள பெரிய பிவிசி பைப்புக்குள் சும்மா செருகப்பட்டிருக்கும். ஹோஸ் ஒன்றேகால் அங்குலம், பைப் இரண்டு அல்லது மூன்று அங்குலம். சுற்றிலும் உள்ள இடைவெளி கரப்பானுக்குத் திறந்து வைத்த வாசல். வளர்ந்த பெரிய கரப்பான் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு 3 மில்லிமீட்டர் பிளவிலேயே நுழைந்துவிடும் என்பதை அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016இல் அளந்து காட்டினார்கள். ஹார்டுவேர் கடையில் இந்த இடைவெளிக்கென்றே ரப்பர் வளையம் விற்கிறார்கள். அளவு கிடைக்காவிட்டால் எம்-சீல் பிசைந்து சுற்றிலும் அடைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. ஆனால் பெரிய கரப்புத் தொல்லையில் பாதி இதோடு முடிந்துவிடும்.

அடுத்து, தரையில் உள்ள ஜாலி. அதன் அடியில் நஹானி ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்லும் கிண்ணம் போன்ற அமைப்பு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் கதவு. புழங்காத குளியலறை, மாடியில் பூட்டிக் கிடக்கும் போர்ஷன், பாத்திரம் கழுவாத பின்கட்டு ஆகிய இடங்களில் சித்திரை, வைகாசி வெயிலில் இந்தத் தண்ணீர் வற்றிப்போகும். அப்புறம் கரப்பானுக்குத் தடையே கிடையாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது வீடு முழுக்கப் பெரிய கரப்பாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். பல நாள் வெளியூர் போவதானால் அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

சிதம்பரத்தில் தேர் வீதிகளுக்கு உள்ளடங்கிய பழைய ஓட்டு வீடுகளிலும், கடலூர் முதுநகரின் பழைய வீடுகளிலும் நஹானி ட்ராப்பே இருக்காது. பாத்திரம் கழுவும் இடத்தில் சுவரோரமாக ஒரு துவாரம், அது நேராகத் தெருச் சாக்கடைக்கு. அந்தத் துவாரத்தில் நெருக்கமான ஸ்டீல் வலை வைத்துச் சிமெண்ட் பூசுங்கள். இரவில் வேலை முடிந்ததும் ஈரத் துணியைப் பந்தாகச் சுருட்டி அடைத்துவிட்டுக் காலையில் எடுத்தாலும் போதும்.

செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருந்தால் பூசுங்கள். அதன் காற்றுக் குழாய் உச்சியில் கொசு வலை கட்டும்படி சுகாதாரப் பணியாளர்கள் சொல்வார்கள். அது கரப்பானையும் தடுக்கும்.

இந்த வேலை எல்லாம் புரட்டாசிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சாக்கடையில் தண்ணீர் மட்டம் ஏறும். அங்கே குடியிருக்கும் பெரிய கரப்பு உயிர் தப்ப மேலே ஏறும். மேலே இருப்பது நம் வீடு. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்திலும், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீரில் சிக்கிய கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பிளீச்சிங் பவுடர் தூவுவது வழக்கம். அதன்மேல் கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைப் புண்ணாக்கும். சாக்கடைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் பிவிசி பைப் இளகி இணைப்பு விட்டுப்போகும்.

சின்னதன் குடும்பம்

சின்னக் கரப்பு எப்படி வந்தது என்று யோசித்தால் பதில் அநேகமாக ஓர் அட்டைப்பெட்டி. மளிகைக் கடைப் பெட்டி, முட்டை அட்டை, வெங்காயச் சாக்கு, செகண்ட்ஹாண்டில் வாங்கிய ஃப்ரிட்ஜ். அண்ணாமலை நகரில் வருடா வருடம் மாணவர்கள் அறை மாறுகிறார்கள். ஒரு அறையில் இருந்த மிக்ஸியும் இண்டக்‌ஷன் அடுப்பும் அடுத்த அறைக்குப் போகும்போது அவற்றுக்குள் இருந்த குடித்தனமும் கூடவே போகிறது. பெட்டியைச் சமையலறைக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே பிரித்துச் சாமானை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மின்சாமான் வாங்கினால் உள்ளே வைப்பதற்கு முன் திருப்பிப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இடுக்குகளில் அப்பியிருந்தால் அது கரப்பான் எச்சம். அந்த எச்சத்தின் வாசனையை வைத்துத்தான் மற்ற கரப்புகள் அங்கே வந்து கூடும். அதனால் எச்சம் படிந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுப்பதும் வைத்தியத்தில் ஒரு பாதி. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எச்சத்தூளும் உரித்த தோலும் காற்றில் பறந்து இளைப்பு உள்ள குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். ஈரத்துணிதான் சரி.

சாப்பாட்டைவிட இதற்குத் தண்ணீர் முக்கியம். தண்ணீர் கிடைத்தால் சாப்பாடே இல்லாமல் ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். ஆகவே இரவில் சிங்க் உலர்ந்திருக்க வேண்டும். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். கேன் தண்ணீர் வைத்த ஸ்டாண்டுக்கு அடியில், ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். பத்துப்பாத்திரத்தைச் சிங்கில் ஊறப்போட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் ஒன்று போதும், எந்த மருந்தையும் வீணாக்க.

நம் பக்கத்துக்கே உரிய சில விருந்துகள் உண்டு. மாட்டுக்காரர் காலையில் வந்து எடுத்துப் போவார் என்று சிங்க் அடியில் வைக்கும் கழுநீர் வாளி முதலாவது. அதை மூடி போட்டுக் கொல்லைப்பக்கம் வையுங்கள். முதுநகர், கிள்ளை பக்கத்து வீடுகளில் கருவாட்டைக் கூடையிலும் தாள் பையிலும் வைக்கிறார்கள். இறுக்கமான மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். மீன் ஆய்ந்த கழிவு அன்றிரவே வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். பண்ருட்டிப் பலாப்பழம் வரும் மாதங்களில் சுளை எடுத்த சக்கையும் சடையும் அப்படியே. பூஜை மாடத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. விளக்கெண்ணெய் வழிந்த தட்டு, நைவேத்தியத்துக்கு வைத்த கற்கண்டு, வாடிய பூவின் ஈரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் இடம் அது. படத்துக்குப் பின்னால் ஒளிய இருட்டும் இருக்கிறது. இரவில் மாடத்தைத் துடைத்து, பிரசாதத்தை டப்பாவில் போட்டுவிடுங்கள்.

கடப்பா கல் அலமாரி உள்ள சமையலறையில் கல்லும் சுவரும் சேரும் விளிம்பில் விரல் ஓட்டிப் பாருங்கள். பூச்சு உதிர்ந்து நூலளவு பிளவு இருக்கும். அப்போதுதான் பொரித்த குஞ்சுக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் போதும். வெள்ளைச் சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்து அழுத்தி அடையுங்கள். ஆனால் மருந்து வைத்துக் கூட்டம் குறைந்த பிறகு அடைப்பது நல்லது.

ஏன் ஸ்ப்ரே வேண்டாம்

“அக்கா, ஸ்ப்ரே அடிச்சேன், ஒரு வாரம் ஒண்ணுமே இல்ல. இப்ப திரும்பவும் வந்துருச்சு.” இதைக் கேட்காத தெருவே கிடையாது. இப்படி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ப்ரேயில் இருக்கும் சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின் வகை மருந்து, கண்ணுக்குத் தெரிந்த பூச்சியைக் கொல்லும். பெருங்கூட்டம் இடுக்குக்குள் இருக்கிறது. அது மருந்து வாடைக்கு மிரண்டு அடுத்த அறைக்குப் போகும். முட்டைக் கூட்டின் தோல் மருந்தை உள்ளே விடாது. உலகம் முழுவதும் சின்னக் கரப்பான்கள் இந்த வகை மருந்துக்குத் தாங்குதிறன் பெற்றுவிட்டன. லட்சுமண ரேகா சாக்பீஸிலும் இதே குடும்பத்து மருந்துதான். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தரையில் கிழிப்பதை நான் ஒப்பவே மாட்டேன்.

சின்னக் கரப்புக்குச் சரியான மருந்து ஜெல். ஊசிக்குழல் போன்ற டியூபில் வரும். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பாருங்கள். இதில் மருந்தோடு கரப்பான் விரும்பும் தீனியும் கலந்திருக்கிறது. தின்ற பூச்சி உடனே சாகாமல் இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் செத்தால்தான் நமக்கு லாபம். வெளியே வரவே பயப்படும் குஞ்சுகள் அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்று அவையும் சாகும். ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கு மருந்தைக் கரப்பானே சுமந்துகொண்டு போகிறது.

வைப்பதில்தான் சூட்சுமம். ஓரிடத்தில் மொத்தமாகப் பிதுக்காதீர்கள். பச்சைப்பயறு அளவில் சின்னச் சின்னப் பொட்டாக, பல இடங்களில் வையுங்கள். அலமாரிக் கீலின் உள்மூலை, டிராயர் ஓடும் தண்டவாளத்தின் பின்பகுதி, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், கேஸ் அடுப்பு மேடையின் அடிவிளிம்பு, சிங்க் தொட்டி கல்லோடு சேரும் அடிப்புறம் ஆகியவை நல்ல இடங்கள். கறுப்புப் புள்ளி எங்கே நிறையப் பார்த்தீர்களோ அதற்கு ஓரடிக்குள் வைக்க வேண்டும். தூரத்தில் வைத்துக் கரப்பானை வரவழைக்க முடியாது. சூடாகும் இடத்திலும் பாத்திரம் உரசும் இடத்திலும் வேண்டாம். வைத்த பிறகு அந்தப் பக்கம் ஸ்ப்ரே, ஃபினாயில், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. வாடை பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. முன்பே ஸ்ப்ரே அடித்திருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து உலரவிட்டுத்தான் ஜெல் வைக்க வேண்டும்.

முதல் வாரத்தில் தடுமாறி நடக்கும் கரப்பான்களையும் பிணங்களையும் பகலிலேயே பார்ப்பீர்கள். பயந்து ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை ஜெல் வையுங்கள். அப்போதுதான் பழைய முட்டைக் கூடுகளிலிருந்து குஞ்சுகள் வெளிவந்திருக்கும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் இரண்டு மாதத்தில் பழைய கதை திரும்புகிறது.

ஜெல்லைக் கரப்பான் சீண்டவே இல்லை என்றால் வேறு பிராண்டு, வேறு மருந்துள்ளதாக மாற்றுங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குளுக்கோஸ் கலந்த தீனியைச் சின்னக் கரப்பான்கள் தொடாமல் ஒதுக்குவதை ஜூல்ஸ் சில்வர்மேன் என்ற ஆய்வாளர் கண்டு 1993இல் எழுதினார். அவற்றின் நாக்குக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்பதை 2013இல் அவரும் சக ஆய்வாளர்களும் நிரூபித்தார்கள். இனிப்பைத் தின்றவை செத்து, இனிப்பு பிடிக்காதவை மட்டும் பிழைத்துக் குட்டி போட்டதன் விளைவு அது.

கைவைத்தியத்தில் நான் நம்பும் ஒன்று போரிக் பவுடர். மருந்துக்கடையில் கிடைக்கும், கேரம் போர்டில் தூவுவதும் பெரும்பாலும் இதுவே. கரப்பான் காலில் ஒட்டியதை நக்கித் தின்று, சில நாளில் சாகும். ஆனால் கடலோரக் காற்றின் ஈரத்தில் இது கட்டிதட்டிவிடும். கடலூரில் தூளாகத் தூவினால் வறண்ட இடத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாகத் தூவ வேண்டும். குவித்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போகும். இங்கே உருண்டைதான் நல்லது: போரிக் பவுடர், கோதுமை மாவு, வறுத்த வேர்க்கடலைப் பொடி மூன்றும் சம அளவு, பிசையக் கொஞ்சம் பால். சுண்டைக்காய் அளவு உருட்டிச் சோடா மூடியில் வைத்து அலமாரிக்கு அடியில் தள்ளுங்கள். சர்க்கரைக்குப் பதில் வேர்க்கடலை போட்டால் இனிப்பை ஒதுக்கும் கரப்பானும் தின்னும், எறும்பும் அவ்வளவாக மொய்க்காது. உருண்டை காய்ந்து கல்லானதும் மாற்றுங்கள். இந்தப் பவுடர் பார்வைக்கு மைதா, உப்பு, கோலமாவு எல்லாவற்றையும் போல இருக்கும். சமையலறை டப்பாவில் ஒருபோதும் போடாதீர்கள். பெயர் எழுதி, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் பாக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

பிரிஞ்சி இலை, கிராம்பு, வெள்ளரித் தோல் ஆகியவற்றால் கூட்டம் குறைவதில்லை. பாச்சா உருண்டையைச் சமையலறையில் போடவே கூடாது. அதன் ஆவி சில பிறந்த குழந்தைகளுக்கு ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். கண்ணெதிரே ஓடும் கரப்பானுக்குப் பாத்திரச் சோப்பு கரைத்த தண்ணீர் தெளித்தால் போதும். உடம்பிலுள்ள மூச்சுத்துளைகள் அடைபட்டுச் செத்துவிடும், விஷமும் மிஞ்சாது.

குறைகிறதா என்று தெரிய ஒரு பொறி வையுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலின் உள்கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவி, உள்ளே கனிந்த வாழைப்பழத் துண்டு போட்டு, ஏறுவதற்குப் பிடிமானமாக வெளியே செய்தித்தாள் சுற்றி, சுவரோரம் வையுங்கள். கரப்பான் கண்ணாடியில் ஏறும். வாசலினில் ஏற முடியாது. காலையில் எண்ணி, காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். விழுந்தவற்றைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள்.

பொதுச்சுவர் உள்ள வீடுகள்

சிதம்பரத்தின் சந்துகளில் ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த பழஞ்சுவரில் இந்தப் பக்கம் மருந்து வைத்தால் அந்தப் பக்கம் குடித்தனம் மாறும். இரண்டு வீட்டாரும் பேசி ஒரே நாளில் ஜெல் வையுங்கள். ஒரு டியூபையே பங்கிட்டுக்கொள்ளலாம். அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பைப் ஓடும் குழி வழியே போய்வரும்.

பெஸ்ட் கண்ட்ரோல்காரரை அழைப்பதானால் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இன்படி அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஜெல் வைப்பாரா, வீடு முழுக்கத் தெளிப்பாரா, மருந்தின் பெயர் என்ன, இரண்டாவது முறை எப்போது வருவார் என்று கேளுங்கள். எல்லாப் பாத்திரத்தையும் வெளியே எடுக்கச் சொல்லித் தெளித்துவிட்டு ஒரே நாளில் முடிந்துவிடும் என்பவரை அனுப்பிவிடுங்கள். உங்கள் காலண்டர் தாள் கணக்கைக் கேட்டுப் பார்த்து, அலமாரிக் கீலைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பவருக்கு வேலையைக் கொடுங்கள். மூன்றாம் வாரம் வருவதாகச் சொன்ன தேதியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு பாதிப் பணத்தை அன்றைக்குக் கொடுக்கலாம்.